அதே இடத்தில் ஆறாவது முறை வந்த ‘அக்கி’: ஒரு நிகழ்வு ஆய்வு

நான் ஒரு சிறு நகரத்தில் தோல் மருத்துவர். என் பெயர்ப்பலகையில் தோல் நோய், பால்வினை நோய், தொழுநோய் என்று மூன்றும் எழுதியிருக்கும். வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் சொல்லை மட்டும் படித்துவிட்டு உள்ளே வருகிறார்கள். இங்கே எழுதியிருப்பது அப்படி வந்த ஒரு பெண்ணுக்கு நடந்தது. அவரிடம் முழுதாகப் படித்துக் காட்டிச் சம்மதம் வாங்கியிருக்கிறேன். வயது, தொழில், ஊர் ஆகியவற்றைச் சற்று மாற்றியிருக்கிறேன், நோய் சம்பந்தப்பட்ட எதையும் மாற்றவில்லை.

பின்னணி

அவருக்கு 33 வயது. தையல் வேலை, ஒரு நாளில் எட்டு ஒன்பது மணி நேரம் மிஷினில் உட்கார்ந்தே இருப்பவர். கல்யாணமாகி 10 வருடம், மூன்றாம் வகுப்பு படிக்கும் ஒரு மகள். கணவர் வளைகுடா நாடு ஒன்றில் வேலை செய்கிறார், வருடத்துக்கு ஒரு முறை 40 நாள் லீவில் வந்து போவார்.

முதல் முறை கொப்புளம் வலது பிட்டத்தின் மேல்பக்கம், முதுகெலும்பு முடியும் இடத்திலிருந்து மூன்று விரல் தள்ளி வந்தது. முந்தின நாள் தொடை வரைக்கும் சுரீர் என்று ஒரு வலி, மறுநாள் காலையில் சிவந்த தடிப்பின் மேல் கொத்தாக நீர்க்கொப்புளங்கள். அவருடைய அம்மா பார்த்தவுடனே அக்கி என்று சொல்லி, பக்கத்து ஊரில் அக்கி எழுதும் வேளார் பெரியவரிடம் கூட்டிப் போயிருக்கிறார். காவியைக் குழைத்து எழுதினார்கள், பத்தியம் இருந்தார், ஒன்பது நாளில் காய்ந்துவிட்டது. அந்தப் பெரியவர் மேலும் அம்மா மேலும் எனக்கு எந்தக் குறையும் இல்லை. உடம்பின் ஒரு பக்கமாக, கொத்தாக, வலியோடு வரும் கொப்புளத்தை அக்கி என்று சொன்னால் பல நேரம் அது சரியாகவே இருக்கும்.

ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடியும் வந்தது. இந்த முறை மருந்துக்கடையில் ஒரு கிரீம் வாங்கிப் போட்டார். ஸ்டீராய்டு, பூஞ்சைக்கான மருந்து, ஆன்டிபயாட்டிக் மூன்றும் ஒன்றாகக் கலந்த ட்யூப், நம் ஊரில் எல்லாச் சொறிக்கும் கைநீட்டிக் கொடுப்பது. மூன்றாவது முறை ஒரு டாக்டர் ‘உட்கார்ந்தே வேலை பார்ப்பதால் வந்த சூட்டுக் கட்டி’ என்று ஆன்டிபயாட்டிக் மாத்திரை எழுதினார். நான்காவது முறை இன்னொருவர் ‘அக்கி திரும்ப வந்திருக்கிறது’ என்று அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தின் 800 மி.கி. மாத்திரையை ஒரு நாளைக்கு 5 வேளை, 7 நாளுக்குக் கொடுத்தார். ஒவ்வொரு முறையும் பத்து நாளுக்குள் ஆறியது. அதனால் ஒவ்வொரு முறையும் கொடுத்த வைத்தியம் வேலை செய்துவிட்டது என்று எல்லாரும் நம்பினார்கள், காவியும் கிரீமும் ஆன்டிபயாட்டிக்கும் உட்பட. எந்த மருந்தும் இல்லாமலேயே அது பத்து நாளில் ஆறியிருக்கும் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

ஐந்தாவது முறை போன இடத்தில் ‘திரும்பத் திரும்ப வருகிறதே’ என்று ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்கள். ரிப்போர்ட்டில் இருந்தது இவ்வளவுதான்: ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் 1, 2 ஐஜிஎம் பாசிட்டிவ். அதாவது ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற வைரஸின் இரண்டு வகைகளுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஐஜிஎம் என்ற எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறது என்று. கீழே சிறிய எழுத்தில், சமீபத்திய தொற்றைக் குறிக்கலாம் என்று ஒரு வரி.

பரிசோதனைக் கூடத்தில் பதிவு செய்திருந்த போன் நம்பர் கணவருடையது. நம் ஊரில் பெண்களின் ரேஷன் கார்டு, கேஸ், பள்ளிக்கூடம் எல்லாவற்றிலும் கணவர் நம்பர்தானே இருக்கிறது, இங்கேயும் அதையே கொடுத்திருக்கிறார். ரிப்போர்ட் அவருக்கு முன்னால் கணவரின் வாட்ஸ்ஆப்புக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் ஊருக்கு வந்து போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. ஹெர்பீஸ் என்று இணையத்தில் தேடினார், பால்வினை நோய் என்று வந்தது, ‘சமீபத்திய தொற்று’ என்பதை எட்டு மாதத்தோடு கூட்டிக் கணக்குப் போட்டார். அன்று இரவே போனில் சண்டை. ஒரு வாரத்தில் இவர் மகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார்.

என்னிடம் வந்த நாள்

ரிப்போர்ட் வந்து மூன்று வாரம் கழித்து, அம்மாவோடு வந்தார். அப்போது பார்ப்பதற்கு என்னிடம் எதுவுமே இல்லை. வலது பிட்டத்தில் ஐந்து ரூபாய் நாணய அளவுக்கு ஒரு பழுப்புத் தழும்பு, அவ்வளவுதான். கொப்புளம் இல்லை, பொருக்குகூட இல்லை. நல்லவேளையாக நான்காவது முறை மகள் போனில் எடுத்த ஒரு படம் இருந்தது, சற்று மங்கலாக; ஆனால் கொத்தாக இருப்பதும் நடுவில் லேசாகக் குழிந்திருப்பதும் தெரிந்தது.

இங்கே நான் ஒரு தவறு செய்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே ‘பிறப்புறுப்பில் எப்போதாவது புண் வந்ததுண்டா, வேறு யாரோடாவது தொடர்பு இருந்ததா’ என்று வழக்கமான கேள்விகளை வரிசையாகக் கேட்டுவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு இல்லை, இல்லை என்று மட்டும் சொன்னார். வெளியே 40 பேர் காத்திருந்தார்கள் என்பது காரணம்தான், ஆனால் அந்த அவசரத்தின் விலையை அவர் கொடுத்தார்.

கிளம்பும்போது அம்மாவை முன்னால் போகச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து ஒன்று கேட்டார்: “மேடம், என் மேல தப்பு இல்லைன்னு ஒரு பேப்பர்ல எழுதித் தருவீங்களா?”

அன்றைக்கு ஏன் பெயர் சொல்லவில்லை

எனக்குச் சந்தேகம் இருந்தது. அக்கியை உண்டாக்குவது சின்னம்மை வைரஸ். சிறு வயதில் அம்மை போட்ட பிறகு நரம்பு முடிச்சில் ஒளிந்திருந்து, பிற்காலத்தில் ஒரு நரம்பின் பாதையில் வெடித்து வருகிறது. எதிர்ப்புச் சக்தி நன்றாக இருப்பவர்களுக்கு அது பெரும்பாலும் வாழ்நாளில் ஒரு முறை வந்து போவது. இரண்டே வருடத்துக்குள் ஐந்து முறை, அதுவும் துல்லியமாக அதே இடத்தில் என்றால் அக்கி என்ற பெயர் பொருந்தாது. அதே இடத்துக்கு மறுபடி மறுபடி வருவது ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸின் குணம். அதில் இரண்டாம் வகை வைரஸ் இடுப்பெலும்புப் பகுதியின் நரம்பு முடிச்சுகளில் தங்கும். அந்த நரம்புகள் பிறப்புறுப்புக்கு மட்டும் போவதில்லை, பிட்டத்துக்கும் தொடையின் பின்பக்கத்துக்கும் போகின்றன. ஆகவே பிறப்புறுப்பில் ஒரு புண்ணையும் பார்க்காத ஒருவருக்குப் பிட்டத்தில் மட்டும் திரும்பத் திரும்ப வரலாம்.

ஆனால் அதே இடத்தில் திரும்ப வரும் இன்னொன்றும் இருக்கிறது: மருந்து ஒவ்வாமையால் வரும் நிலைத்த தடிப்பு. குறிப்பிட்ட ஒரு மாத்திரையைச் சாப்பிடும்போதெல்லாம் தோலில் அதே இடம் சிவந்து, சில நேரம் கொப்புளித்து, கரும்பழுப்புத் தழும்பை விட்டுப் போகும். வலி மாத்திரை, வயிற்றுப்போக்குக்குக் கடையில் வாங்கும் மாத்திரை இவற்றால் இதை நான் மாதம் ஒன்றாவது பார்க்கிறேன். இவருக்கு மாதவிடாய் நாட்களில் வலி மாத்திரை போடும் பழக்கம் இருந்தது, தழும்பும் பழுப்பு நிறம். முந்தின நாளே வரும் சுரீர் வலியும் கொத்தான அமைப்பும் ஹெர்பீஸ் பக்கம் இழுத்தன, தழும்பு இந்தப் பக்கம் இழுத்தது.

சரி, கையில் ஐஜிஎம் பாசிட்டிவ் இருக்கிறதே என்று கேட்கலாம். அந்தக் காகிதத்தை நான் ஒதுக்கியே வைத்தேன். ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸுக்கான ஐஜிஎம் பரிசோதனை முதல் வகையையும் இரண்டாம் வகையையும் பிரித்துச் சொல்லாது. நோய் திரும்ப வரும்போதும் அது பாசிட்டிவ் காட்டும், ஆகவே தொற்று புதியதா பழையதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அதே குடும்பத்து வேறு வைரஸ்களுக்கான எதிர்ப்பொருளைப் பார்த்து ஏமாறுவதும் உண்டு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டி இந்தப் பரிசோதனையைச் செய்ய வேண்டாம் என்றே சொல்கிறது. ஆனாலும் நம் ஊர்ப் பரிசோதனைக் கூடங்களின் விலைப்பட்டியலில் அது இருக்கிறது, நாமும் எழுதிக்கொண்டே இருக்கிறோம். இதை வாசிக்கும் இளம் மருத்துவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், தோல் கொப்புளத்துக்குக் காரணம் தேட இதை எழுதாதீர்கள். ஒரு குடும்பத்தை அது என்ன செய்தது என்று நான் எதிரே உட்கார்ந்து பார்த்தேன்.

ஆகவே அன்றைக்கு எடுத்த முடிவு காத்திருப்பது. அடுத்த முறை சுரீர் என்றதும் எந்த கிரீமும் போடாமல், கொப்புளத்தை உடைக்காமல், முதல் இரண்டு நாளுக்குள் வர வேண்டும், டோக்கன் வேண்டாம், நேராக நர்ஸிடம் சொன்னால் போதும். வலி மாத்திரை எந்தத் தேதியில் எது போட்டார் என்று காலண்டரில் குறித்து வைக்க வேண்டும். அவர் கேட்ட காகிதத்துக்கு, ‘யார் மேல் தப்பு என்று எந்த டெஸ்ட்டும் சொல்லாது, ஆனால் இந்த டெஸ்ட் எப்போது தொற்றியது என்று சொல்லாது என்பதை மட்டும் எழுதித் தர முடியும்’ என்றேன். எழுதி அவர் பெயருக்கே, அவர் கையிலேயே கொடுத்தேன். அவருக்கு அது போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனையும் அதோடு சிபிலிஸ் பரிசோதனையும் செய்யச் சொன்னேன். திரும்பத் திரும்ப வரும் எந்தக் கொப்புளத்திலும் எதிர்ப்புச் சக்தியைப் பார்க்க வேண்டும். இரண்டும் நெகட்டிவ்.

இரண்டாம் நாள் கொப்புளம்

ஏழு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தார், இந்த முறை தனியாக. முந்தின நாள் மதியம் வலி ஆரம்பித்திருக்கிறது. அதே இடத்தில், சிவந்த தோலின் மேல் ஏழு கொப்புளங்கள், உள்ளே தெளிந்த நீர். காலண்டரைப் பார்த்தேன்: அதற்கு முந்தின மூன்று வாரத்தில் ஒரு மாத்திரையும் இல்லை. அதற்கு முந்தின மாதத்தில் இரண்டு நாள் வலி மாத்திரை போட்டிருக்கிறார், அப்போது ஒன்றும் வரவில்லை. மருந்து ஒவ்வாமை என்ற சந்தேகம் அங்கேயே ஏறக்குறைய முடிந்துவிட்டது.

ஒரு கொப்புளத்தை ஊசியால் திறந்து, அடித்தளத்தை மெல்லச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் தடவி ஜீம்சா சாயம் போட்டுப் பார்த்தேன். பல உட்கருக்கள் ஒன்றோடொன்று நெருக்கியிருக்கும் பெரிய செல்கள் இருந்தன. ட்சாங்க் பரிசோதனை என்று இதற்குப் பெயர், மைக்ராஸ்கோப்பும் அரை மணி நேரமும் இருந்தால் எந்தச் சிறு கிளினிக்கிலும் செய்யலாம். ஆனால் இது சொல்வது ஹெர்பீஸ் குடும்பம் என்பதை மட்டும்தான். அக்கியிலும் இதே செல்கள்தான் தெரியும். நான் கண்டுபிடிக்க வேண்டியதோ அந்த இரண்டில் எது என்று.

அதனால் இன்னொரு புதிய கொப்புளத்தைத் திறந்து, அடித்தளத்தில் செயற்கை இழை ஸ்வாப்பை அழுத்தித் தேய்த்து, வைரஸைக் கெடாமல் வைக்கும் திரவம் உள்ள ஊடகக் குப்பியில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து, வைரஸின் மரபணுவைக் கண்டறியும் பிசிஆர் பரிசோதனைக்கு அனுப்பினேன். ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் 1, 2, அதோடு சின்னம்மை வைரஸ், மூன்றையும் கேட்டு. பொருக்கு கட்டிய பிறகு எடுத்தால் வைரஸ் கிடைப்பது மிகவும் குறைந்துவிடும், அப்போது வரும் நெகட்டிவுக்கு அர்த்தம் இல்லை. செலவு சில ஆயிரம் ரூபாய். அவருக்கு அது சின்னத் தொகை இல்லை, முன்னாலேயே சொல்லி, யோசித்து முடிவெடுக்கச் சொன்னேன். ‘எடுங்க மேடம்’ என்றார், உடனே.

ஸ்வாப் எடுத்துக்கொண்டிருக்கும்போது, நர்ஸும் நானும் மட்டும் இருந்த அந்த அறையில், அவராகவே ஒன்று சொன்னார். கல்யாணமான நான்காவது மாதம் கடும் காய்ச்சல், இடுக்கில் நெறி கட்டி, கீழே முழுக்கப் புண்ணாகி, ஒன்னுக்குப் போகும்போது கத்தி அழுதிருக்கிறார். யாரும் பார்க்கவில்லை. நீர்க்கடுப்பு என்று சொல்லி மாத்திரையும் குளிர்ச்சிக்கு இளநீரும். இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது சரியாக. அதற்குப் பிறகு அப்படி வந்ததே இல்லை, அதனால் மறந்தே போய்விட்டார்.

ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் முதன்முதலாகத் தொற்றும்போது பல பெண்களுக்கு இப்படியேதான் வரும், காய்ச்சல், நெறி, சிறுநீர் கழிக்க முடியாத வலி எல்லாம் சேர்ந்து. இதை நான் ஏழு வாரம் முன்னால் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். அம்மாவை வெளியே உட்காரச் சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும்.

பிசிஆர் முடிவு

நான்காம் நாள் வந்தது. எச்எஸ்வி-2, அதாவது ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் இரண்டாம் வகை இருக்கிறது, எச்எஸ்வி-1 இல்லை, சின்னம்மை வைரஸ் இல்லை. ரிப்போர்ட் கிளினிக்குக்கு மட்டும் வரும்படி ஏற்பாடு செய்திருந்தேன். நேரில் வரச் சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டு சொன்னேன். ஒரு நோயாளிக்கு ஹெர்பீஸ் என்று சொல்லும்போது அவர் அழுவார் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். இவர் ‘அப்போ இது பழசுதானே மேடம்’ என்று கேட்டார். பிசிஆர் வைரஸின் பெயரைச் சொல்லும், வயதைச் சொல்லாது என்று சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் பத்து வருடம் முன்னால் வந்த அந்தக் காய்ச்சல், 20 மாதமாக அதே இடத்தில் வரும் கொப்புளம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், மருத்துவராக என் கருத்து இது பழைய தொற்று என்பது. அதை அப்படியே, என் கருத்து என்ற சொல்லோடு, எழுதிக் கொடுத்தேன்.

அந்த முறைக்கு அசைக்ளோவிர் 400 மி.கி. மூன்று வேளை, 5 நாள் கொடுத்தேன். அக்கிக்கான அளவில் பாதிக்கும் குறைவு இது. சரியான பெயர் கிடைத்ததும் மருந்தின் அளவே மாறுகிறது பாருங்கள். அதன் பிறகு, வரும்போது மட்டும் மாத்திரையா, தினமும் தடுப்பாக எடுப்பதா என்று இரண்டையும் விளக்கினேன். இடைவெளி ஆறு மாதத்திலிருந்து இரண்டு மாதமாகச் சுருங்கிக்கொண்டே வந்ததாலும், உட்கார்ந்தால்தான் கூலி என்பதாலும் அவர் தினசரி மாத்திரையைத் தேர்ந்தெடுத்தார்: 400 மி.கி. இரண்டு வேளை. சிறுநீரகச் செயல்பாட்டைப் பார்த்துவிட்டு ஆரம்பித்தேன்.

இன்னொரு குழந்தை ஆசை இருப்பதாகவும், இனி முடியாதோ என்றும் கேட்டார். முடியும். கருவுறும் முன்பே பழைய தொற்று இருக்கும் தாயிடமிருந்து பிரசவத்தில் குழந்தைக்குப் போகும் ஆபத்து 100இல் ஒன்றுக்கும் குறைவு. கர்ப்பத்தின் கடைசியில் புதிதாகத் தொற்றினால்தான் பெரிய ஆபத்து. மகப்பேறு மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும், 36ஆம் வாரத்திலிருந்து மாத்திரை, பிரசவ வலி வரும்போது புண்ணோ அந்தச் சுரீர் வலியோ இருந்தால் சிசேரியன்.

கணவர் வந்தபோது

இரண்டு மாதம் கழித்து கணவர் லீவில் வந்தார். மனைவியின் விருப்பப்படி இருவரையும் சேர்த்து ஒரு முறை, அவரை மட்டும் தனியாக ஒரு முறை பார்த்தேன். கோபமாக வரவில்லை, பயந்துபோய் வந்திருந்தார். வாட்ஸ்ஆப்பில் வந்த அந்த ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுத்து மடித்துப் பையில் வைத்திருந்தார். அந்தக் கடைசி வரியை இருவருக்கும் வாசித்துக் காட்டி, அது ஏன் செல்லாது என்று நிதானமாகச் சொன்னேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020இல் 15 முதல் 49 வயதுக்குள் சுமார் 52 கோடி பேருக்கு இந்த இரண்டாம் வகை வைரஸ் இருந்தது. பெரும்பாலானவர்களுக்கு இருப்பதே தெரியாது, ஏனென்றால் புண்ணே வராமலோ, வந்தும் ஏதோ உரசல் என்று நினைக்கும் அளவிலோ இருந்துவிடும். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று இத்தனை வருடத்துக்குப் பிறகு எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. ஆணுறையும் தினசரி மாத்திரையும் பரவுவதைக் குறைக்கும், முழுதாக நிறுத்தாது. வலியோ கொப்புளமோ இருக்கும் நாட்களில் உறவு வேண்டாம்.

அவர் தனக்கும் பரிசோதனை வேண்டும் என்றார். புண் எதுவும் இல்லாதவருக்கு வகை பிரித்துச் சொல்லும் ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளுக்கான ரத்தப் பரிசோதனை ஒன்றுதான் வழி, அதிலும் 1.1க்கும் 3க்கும் இடையில் எண் வந்தால் அதைப் பாசிட்டிவ் என்று நம்பிவிடக் கூடாது, வேறு முறையில் உறுதி செய்ய வேண்டும். இதையெல்லாம் சொல்லிவிட்டு எடுத்தோம். முடிவு என்ன என்று இங்கே நான் எழுதப் போவதில்லை. அது அவருடையது, அவர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மனைவியின் நோயறிதலோ சிகிச்சையோ அதனால் மாறவும் இல்லை.

அதன் பிறகு

மாத்திரை ஆரம்பித்து 14 மாதம் ஆகிறது. இதுவரை இரண்டு முறை வந்திருக்கிறது, ஒன்று திருவிழாவுக்குப் போன இடத்தில் ஐந்து நாள் மாத்திரை விட்டுப்போனபோது. இரண்டும் நான்கு நாளில் அடங்கின. கணவர் லீவு முடிந்து திரும்பிய பிறகும் அவர் மூன்று மாதம் அம்மா வீட்டிலேயே இருந்தார், பிறகு மகளின் பள்ளிக்கூடத்துக்காகத் திரும்பிப் போனார். கணவர் அவரிடம் மன்னிப்புக் கேட்டாரா என்று ஒரு நாள் கேட்டேன். “இல்ல மேடம். ஆனா அந்த ரிப்போர்ட் பேப்பரைக் கிழிச்சுப் போட்டுட்டார்” என்றார்.

நான் மாற்றிக்கொண்டவை

பால்வினை சம்பந்தமான கேள்வி எதையும் கூட வந்தவர் முன்னால் கேட்பதில்லை. அம்மாவானாலும் கணவரானாலும் ‘தழும்பைப் பார்க்க வேண்டும்’ என்று நோயாளியை மட்டும் உள் அறைக்குக் கூட்டிப்போய்க் கேட்கிறேன். கொப்புளத்தோடு வரும் பெண்களிடம் முன்பு எப்போதாவது கடுமையான நீர்க்கடுப்பு வந்ததா, அப்போது யாராவது பார்த்தார்களா என்ற கேள்வியைச் சேர்த்திருக்கிறேன். அதே இடத்தில் இரண்டாவது முறை வந்துவிட்டாலே அக்கி என்று எழுதுவதை நிறுத்தி, ஸ்வாப் பற்றிப் பேசுகிறேன். ஊடகக் குப்பிகள் நான்கை எப்போதும் ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன், ஏனென்றால் இரண்டாம் நாள் கொப்புளம் குப்பி வரும் வரை காத்திருக்காது. வலி வந்த உடனே ஒரு படம் எடுத்து வையுங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன், மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.

பதிவேட்டில் போன் நம்பர் எழுதும்போது, இது யாருடைய நம்பர், ரிப்போர்ட் இதற்கு அனுப்பலாமா என்று நர்ஸ் இப்போது ஒவ்வொருவரிடமும் கேட்கிறார். வேண்டாம் என்று சொல்கிறவர்கள் நான் நினைத்ததைவிட அதிகம். அவர்களுடைய ரிப்போர்ட்டை உறையில் போட்டு மேஜை டிராயரில் வைத்திருக்கிறோம், வந்து வாங்கிக்கொள்கிறார்கள்.